செண்பகவல்லியின் கல்

பாளையங்கோட்டையில் பியூலா என்றொரு குரு இருந்தார். மலையையும் கடலையும் வயலையும் எப்படிப் படம் எடுப்பது என்று சொல்லிக்கொடுப்பவர். வயது நாற்பது. அவருடைய சீடர்களில் ஒருவர் செண்பகவல்லி. வயது ஐம்பத்து நான்கு. சீடரைக் குரு ‘அக்கா’ என்பார். குருவைச் சீடர் ‘டீச்சர்’ என்பார். இதில் இருவருக்கும் ஒரு சங்கடமும் கிடையாது.

செண்பகவல்லி தரையில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. முட்டிவலி ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், எழுந்திருக்கும்போது யாராவது ஓடிவந்து கையைப் பிடித்துத் தூக்குவார்கள் என்பது. அவருக்கு அது ஆகவே ஆகாது. கேமரா ஸ்டாண்டைக்கூட நெஞ்சு உயரத்துக்குக் கீழே அவர் இறக்கியதில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை சீடர்களின் படங்களைக் கண்காட்சியாக வைப்பார் குரு. ஆளுக்கு ஒரு படம். நன்றாக இல்லையென்றால் அதுவும் இல்லை. முகத்தாட்சண்யத்துக்காக அவர் ஒரு ஆணிகூட அடிக்க மாட்டார்.

போன வருஷம் செண்பகவல்லியின் படம் சுவரில் ஏறவில்லை. நாத்தனார் கோமதி குடும்பத்தோடு வந்து, மண்டபத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள்:

“ஒங்க படத்தை பாத்ரூம் பக்கமா மாட்டியிருக்காங்களா மதினி?”

இந்த வருஷம் அதே கோமதிக்குச் செண்பகவல்லியே போன் போட்டுத் தேதி சொல்லியிருந்தார்.

குருவின் மேஜைமேல் மூன்று படங்களைப் பரப்பினார். பாபநாசத்து மலை. மணப்பாட்டுக் கடல். ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள். மூன்றிலும் முன்னால் ஒரு கல், ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது.

“படத்துக்கு முன்பக்கம் பலமா இருக்கணும், பாக்கிறவங்க கண்ணு அங்க கால் வச்சுத்தான் உள்ள போகணும்னு சொன்னீங்கல்லா டீச்சர்? வச்சிருக்கேன் பாருங்க.”

குரு மூன்றையும் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

“கல்லு நல்லா இருக்கு அக்கா. எத்தனை கிலோ?”

செண்பகவல்லி முந்தானையை இழுத்துச் சரிசெய்தார்.

“பதினொண்ணு.”

“எதுல கொண்டு போவீங்க?”

“கார் டிக்கியில. சாக்கு சுத்தி.”

“கம்ப்யூட்டர்ல என்ன செஞ்சீங்க?”

“மணப்பாட்டுப் படத்துல கல்லை இடம் வலமாத் திருப்பினேன். காத்தாடிப் படத்துல கொஞ்சம் செவப்பு ஏத்தினேன். பாபநாசத்துல கல்லு மேல இருந்த வெள்ளை வரியை அழிச்சேன். ஒருத்தருக்கும் தெரியாது.”

“ஒரே கல்லுக்கு வேஷம் கட்டி ஊர் ஊராக் கூட்டிட்டுப் போயிருக்கீங்க.”

“பின்னே? போற இடத்துல எல்லாம் நல்ல கல்லு எனக்காகக் காத்துக்கிட்டா கெடக்கு? நான் பாக்கிறப்போ கீழ இருக்கிறது எல்லாம் பொடிப்பொடியாத்தான் தெரியுது. இது ஒண்ணுதான் எடுப்பா நிக்குது. போற வீட்டுல புளி இருக்கான்னு தெரியாம வெறுங்கையோட சமைக்கப் போக முடியுமா?”

“எங்க எடுத்தீங்க இந்தக் கல்லை?”

“களக்காட்டுப் பக்கம். ஒரு குளத்தங்கரையில.”

“அங்கேயே போவோம். கல்லையும் கொண்டு வாங்க.”

“கண்காட்சி அடுத்த வாரம் டீச்சர். கோமதி வர்றா.”

“வரட்டும்” என்றார் குரு.

மறுநாள் விடிந்ததும் போனார்கள். குளம் வற்றிப் பாதிதான் தண்ணீர். மீதி சேறு. அதற்கப்பால் மலை, தலையில் துண்டு கட்டியது போல மேகம் சுற்றி நின்றது. தூரத்தில் ஒருவர் எருமைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

செண்பகவல்லி கல்லைத் தானே தூக்கிவந்து சேற்றோரம் வைத்தார். உதவிக்கு வந்த குருவை முழங்கையாலேயே விலக்கினார். ஸ்டாண்டை நெஞ்சு உயரத்தில் நிறுத்திக் கேமராவுக்குள் பார்த்தார். முகம் சுருங்கியது.

கரை முழுக்க அதே மாதிரிக் கற்கள். அவருடைய கல் எது என்று அவருக்கே ஒரு நிமிஷம் தெரியவில்லை.

“இங்க இது எடுபடல டீச்சர்.”

குரு செருப்பைக் கழற்றினார். துப்பட்டாவை இடுப்பில் கட்டினார். அப்படியே சேற்றில் குப்புறப் படுத்துக் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

செண்பகவல்லி சுற்றுமுற்றும் பார்த்தார். தெரிந்தவர் யாரும் இல்லை.

“யாரும்மா அது, வழுக்கி விழுந்துட்டாங்களா?” என்று எருமைக்காரர் கத்தினார்.

“விழலண்ணே. படுத்திருக்கேன்” என்றார் குரு.

“சேத்துலயா?”

“ஆமாண்ணே.”

எருமைக்காரர் தலையை ஆட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தார். எருமைக்கு அவர் ஏதோ விளக்கம் சொல்வது கேட்டது.

குரு எழுந்திருக்கிற வழியாக இல்லை. செண்பகவல்லிக்குப் பொறுக்கவில்லை.

“அப்படி என்னதான் தெரியுது அங்க?”

“நான் சொல்லிட்டா அது என் படம்.”

செண்பகவல்லி சேற்றைப் பார்த்தார். சேலையைப் பார்த்தார். கோமதியையும் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். கேமராவை ஸ்டாண்டிலிருந்து வெடுக்கென்று கழற்றினார். ஒரு கையை ஊன்றி, பல்லைக் கடித்து, ஒவ்வொரு முட்டியாக மடக்கி, கடைசியில் படுத்தேவிட்டார்.

கண்ணுக்கு நேரே கல் மறித்தது. மலையே தெரியவில்லை.

“சனியன்” என்று அதை உருட்டித் தன் பக்கத்தில் தள்ளினார்.

கல் இருந்த இடத்துக்கு முன்னால் ஒரு எருமைக் குளம்புத் தடம். அதில் உள்ளங்கையளவு தண்ணீர். நின்று பார்த்தபோது இல்லாத ஒன்று. படுத்துப் பார்த்தால் அது ஏரி. சேற்றின் விளிம்பு அதற்குக் கரை. மேகத் துண்டோடு முழு மலையும் அதற்குள் தலைகீழாக நின்றது.

செண்பகவல்லி இன்னும் ஒரு முழம் ஊர்ந்து முன்னால் போனார். கன்னத்தில் சேறு பட்டது. துடைக்கவில்லை. எடுத்தார். மறுபடி எடுத்தார். வெயில் ஏறித் தண்ணீர் வெறும் வெளிச்சமாக ஆகும்வரை எடுத்தார்.

பிறகு எழுந்திருக்க வேண்டியிருந்தது.

குரு ஏற்கனவே எழுந்து நின்றிருந்தார். கையை நீட்டினார்.

“வேண்டாம் டீச்சர்.”

குரு கையை மடக்கிக்கொண்டு மலையைப் பார்க்கத் திரும்பினார். பின்னால் மூச்சு வாங்கும் சத்தம். சேறு உறிஞ்சும் சத்தம். கொஞ்சம் வசவு. திரும்பியபோது செண்பகவல்லி அந்தக் கல்லின்மேல் ஒரு கையை அழுத்தியபடி நிமிர்ந்துகொண்டிருந்தார்.

கண்காட்சியில் அந்தப் படத்துக்கு வாசலுக்கு நேர் எதிரே குருவே ஆணி அடித்தார். கோமதி வந்தாள். நின்றாள்.

“இது எந்த ஊர் ஏரி மதினி? அண்ணன் ஒங்களைக் காஷ்மீருக்கா கூட்டிட்டுப் போனாங்க?”

“எருமை மிதிச்ச குழி. களக்காட்டுல. வானத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் அடக்கினதைத் தவிர கம்ப்யூட்டர்ல ஒண்ணும் தொடல.”

“இவ்வளவு கிட்டத்துல எப்படி?”

“சேத்துல படுத்து எடுத்தேன்.”

“நீங்களா?” கோமதி அவரை மேலும் கீழும் பார்த்தாள். “யாரு தூக்கிவிட்டா?”

“ஒருத்தரும் தூக்கல” என்றார் செண்பகவல்லி. மண்டபத்தின் கடைசி நாற்காலிவரை கேட்டது.

கூட்டம் கலைந்த பிறகு, குரு விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார். செண்பகவல்லி தன் படத்துக்குக் கீழே, யாருக்கோ காவல் நிற்பவர் போல நின்றிருந்தார்.

“டீச்சர், அந்தக் கல்லு இன்னும் டிக்கியிலதான் கெடக்கு. இனிமே அது எதுக்கு? எடுத்த இடத்துலயே போட்டுட்டு வந்துடவா?”

“அடுத்த ஞாயிறு மணப்பாடு போறோமே அக்கா” என்றார் குரு. “அங்க எதைப் பிடிச்சு எந்திரிப்பீங்க?”