பார்த்துக் குடுங்க

குளத்துக் கரையில் வளை தோண்டினால் என்ன ஆகும், சொல்லுங்கள் பார்ப்போம்? தண்ணீர் வரும். உங்களுக்குத் தெரிந்தது முயலுக்குத் தெரியவில்லை.

புல் வாசலிலேயே இருக்க வேண்டும் என்று, தண்ணீரை ஒட்டியே இடம் காட்டியது. தோண்ட வந்த பெருச்சாளி மொக்கையன், இடம் ஈரமாக இருக்கிறதே என்று மீசைக்குள்ளேயே முனகிக்கொண்டது. கூலி என்ன என்று முயல் கேட்டது.

“நமக்குள்ள என்ன முயலண்ணே, பார்த்துக் குடுங்க.”

முயலிடம் சர்க்கரைவள்ளிக் கிழங்கு குவிந்து கிடந்தது. மொக்கையன் வீட்டிலோ குட்டிகள் பசியில் கத்திக்கொண்டிருந்தன. அந்தக் கிழங்கை நினைத்தே மண்ணைத் தள்ளியது. வேலை முடிந்தது. மறுநாளே மழை. வளை முழுக்கத் தண்ணீர்.

மொக்கையன் கூலிக்குப் போய் நின்றது. முயல் நனைந்த காதை உதறியது.

“பார்த்துக் குடுக்கச் சொன்னீங்க. பார்த்தேன். தண்ணிதான் தெரியுது.”

வெறுங்கையோடு வந்த புருஷனைப் பார்த்து, பேச்சி தலையில் அடித்துக்கொண்டது. நரிக்குத் தோண்டியபோதும் இதே பேச்சு, கீரிக்குத் தோண்டியபோதும் இதே பேச்சு! மொக்கையனை இழுத்துக்கொண்டு முயலிடம் போனது.

இடம் காட்டியது யார் என்று கேட்டது. முயல் காதை மடக்கிக்கொண்டது. ஈரம் என்று தெரிந்தும் வாயைத் திறந்து சொல்ல என்ன கேடு என்று புருஷனையும் கேட்டது. மொக்கையன் மீசையைத் தடவியது. பேச்சியே தீர்ப்புச் சொன்னது.

“ஆளுக்குப் பாதித் தப்பு. நல்ல வளைக்கு ஒரு கூடைக் கிழங்கு. மூழ்கின வளைக்கு அரைக் கூடை. என்ன சொல்றீங்க?”

முயல் முணுமுணுத்துக்கொண்டே அரைக் கூடையை அளந்து போட்டது. அன்று குட்டிகளுக்கு அரை வயிறுதான் நிறைந்தது.

கூலியை முதலில் பேசாதவருக்குக் கடைசியில் பேசக் கிடைப்பது சண்டைதான்.

மறுநாள் முள்ளம்பன்றி வந்தது. ஒரு வளை வேண்டும், என்ன கூலி என்று கேட்டது. மொக்கையன் பல்லைக் காட்டிச் சிரித்தது.

“நமக்குள்ள என்ன அண்ணே, பார்த்து…”

பேச்சி உள்ளேயிருந்து ஓடி வந்தது.

“ஏங்க, உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன். இனிமே அந்தப் பேச்சு வாயில வந்தா, ஒரு மண்ணாங்கட்டியை எடுத்துக் கடிச்சுக்குங்க!”