துண்டு போர்த்திய ரிமோட்

"ஏன் அம்முணி, அந்தப் பெட்டியை எழுபதுல வைக்கக் கூடாதா?"

மாட்டுத் தரகர் வெள்ளியங்கிரி, சந்தையில் கேட்கிற மாதிரியேதான் கேட்டார்.

பெட்டி என்றது ஜைரோவை. அவருடைய தெர்மோகோல் விமானத்துக்குள் தீப்பெட்டி அளவில் உட்கார்ந்திருந்தது. காற்று தள்ளினாலும், ரிமோட்டில் கை தவறினாலும், அதுவே இறக்கையை நிமிர்த்திவிடும். எவ்வளவு உதவ வேண்டும் என்பதை நூற்றிலிருந்து பூஜ்யம் வரை குறைத்து வைக்கலாம்.

"இன்னைக்குச் சோதனைங்கய்யா. ஜைரோ இல்லாம ஒரு சுற்று. கிளப் விதி," என்றாள் ரெஜினா. அவருக்குப் பறக்கவிடக் கற்றுக்கொடுப்பவள். அவர் மகளைவிட இளையவள்.

"அம்பது?"

"பூஜ்யம்."

அவருக்குச் சுர்ரென்று ஏறியது. ஏற்கெனவே இரண்டு சோதனையில் விமானத்தைக் கொண்டுபோய் வறண்ட ஏரித்தரையில் குத்தியிருக்கிறார். இன்றும் போனால் ஒரு வருஷத்துக்குத் தனியாகப் பறக்கவிட அனுமதி கிடையாது. வேலமரத்தடியில் கிளப்பின் ஏழு உறுப்பினர்கள் நாற்காலி போட்டு, சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்புறம் எதுக்கு நாப்பது நாள் அதோட பழக்குனே? நீச்சல் பழக்கறவன் நடுக்கிணத்துல சுரைக்குடுவையை அவுப்பானா?"

ரெஜினா அவர் தோளிலிருந்த துண்டை உருவினாள்.

"இதுக்குள்ள கையை விட்டு எப்படிங்க விலை பேசுவீங்க?"

"இப்ப அதுதான் ரொம்ப முக்கியம்!" என்று சீறினார். ஆனாலும் தொழிலைக் கேட்டால் வாய் நிற்காதே. "மாட்டுக்காரன் விரலைத் தொடுவேன். எத்தனை விரல் தொட்டேனோ அதுதான் என் விலை."

"அவன் இறங்கி வருவானான்னு எப்படித் தெரியும்?"

"விரல் சொல்லும்."

"இறுக்கிப் பிடிப்பீங்களா?"

"பைத்தியமா? இறுக்குனா என் அவசரம் அவனுக்குத் தெரிஞ்சிரும். அவன் மனசு எனக்குத் தெரியாது."

"சரிங்க."

விமானம் ஏறியது. மூன்று பனை உயரம்.

ரெஜினா அவர் கைகளோடு ரிமோட்டையும் சேர்த்துத் துண்டால் போர்த்தினாள். உள்ளே கையை விட்டு ஒரு விசையைத் தட்டினாள்.

"அணைச்சாச்சுங்க."

இறக்கை சாய்ந்தது. வெள்ளியங்கிரி ரிமோட் குச்சியை இழுத்துப் பிடித்தார். மறுபக்கம் புரண்டது. இன்னும் இறுக்கினார். இன்னும் புரண்டது.

"ஆச்சு, மூணாவது!" என்றது மரத்தடி.

"சண்டி மாடு! சொன்னபடி கேக்குதா பாரு!"

துண்டுக்குள் ரெஜினா அவர் கட்டைவிரலை லேசாகத் தொட்டாள்.

அது கல்லாக இறுகியிருந்தது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

"சந்தையில ஒருத்தன் இப்படிப் பிடிச்சா என்னங்க நினைப்பீங்க?"

அவர் விரல் தளர்ந்தது.

விமானம் ஒருமுறை ஆடியது. பிறகு, தானாக நிமிர்ந்தது.

வெள்ளியங்கிரி அண்ணாந்து பார்த்தபடியே நின்றார்.

"அப்ப அந்தப் பெட்டி நாப்பது நாளா யாரோட மல்லுக்கட்டுச்சு?"

ரெஜினா வானத்தைக் காட்டினாள்.

"திருப்பம் வந்துருச்சுங்க. விமானம் என்ன சொல்லுது?"

"கொஞ்சம் இடப்பக்கம் கேக்குது, அம்முணி."

"கொடுக்கறீங்களா?"

துண்டு அசையவே இல்லை. விமானம் வளைந்து அவர்களை நோக்கித் திரும்பியது. மரத்தடியில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

"கேட்டதுல பாதி," என்றார் தரகர்.