மடைக்காரன் பெண்டாட்டி அழுத ஒப்பாரி

எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் பூவரசங்குடிச் சீமையைச் சுந்தரவல்லபன் என்றொரு ராஜா ஆண்டான். ராணி செத்த நாளிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டாலே அவனுக்கு நெஞ்சு பதறும். இதுதான் சமயமென்று அரசவைப் புலவர் மதிவாணர் தூபம் போட்டார். ராணிக்கு அவர் எழுதிய நூறு இரங்கல் பாட்டை ஒருவரும் முணுமுணுக்கவில்லை. பட்டிக்காட்டுப் பெண்களின் ஒப்பாரியோ ஊர் ஊராகப் போகிறது. அந்த எரிச்சல் அவருக்கு. "இனி எவரும் ஒப்பாரி வைக்கக் கூடாது, வைத்தால் நாடுகடத்தல்" என்று ராஜாவும் முரசறைந்துவிட்டான். ராஜாவுக்கு மனசு வலித்தால் ஊரே வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும், பாருங்கள்!

அந்த ஐப்பசி வெள்ளத்தில் மேலக்குளத்து மடையைத் திறக்க முங்கிய மடைக்காரன் மாயாண்டி பிணமாகத்தான் மிதந்தான். இருபது வருஷம் கூட வாழ்ந்தவள் பேச்சி. அழாமல் எப்படி இருப்பாள்? ஊர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு அழுதாள். பதினாறாம் நாள் காரியம்கூட முடியவில்லை, சேவகர்கள் அவளை இழுத்துவந்து சபையில் நிறுத்தினார்கள்.

"ஒப்பாரி வைத்தாயா?" என்றான் ராஜா.

"வச்சேன் சாமி. அதுல அழுகை பாதி, குளத்து வேலை பாதி. மடைச் சங்கதியெல்லாம் அதுலதான் இருக்கு."

மதிவாணர் சிரித்தார். "மூக்கைச் சிந்துவதிலும் ஒரு வித்தையாம், மகாராஜா!"

பேச்சிக்குப் பயம்தான். நாடுகடத்திவிட்டால் புருஷனைப் புதைத்த மண்ணைக்கூட இனிப் பார்க்க முடியாது. ஆனாலும் விடவில்லை.

"என்கூட அழுத பொம்பளைய மூணு பேரத் தனித்தனியாக் கூப்பிட்டு மடையைப் பத்திக் கேளுங்க சாமி. ஒருத்தியும் மடைப்பக்கம் போனவ இல்ல. பதில் மாறிச்சுன்னா என்னையத் தொரத்திருங்க."

மூவரும் தனித்தனியாக வந்தார்கள். "நண்டு கரையேறினா தெக்கு மடை, நுரை செவந்து வந்தா ரெண்டு மடையும் தொறக்கணும்" என்றாள் முதலாமவள். மற்ற இருவரும் அதையேதான் சொன்னார்கள்.

"யார் கற்றுக்கொடுத்தது?" என்று கடைசியாக வந்தவளைக் கேட்டான் ராஜா.

"யாருமில்ல சாமி. 'நண்டு கரையேற தெக்கு மடை தொறந்தீகளே'ன்னு பேச்சி அழுதா, நாங்களும் அழுதோம். மாயாண்டிக்கே அவன் அப்பன் செத்தப்போ ஆத்தா அழுததுலதான் மடை தெரிஞ்சது."

ஒப்பாரியை நிறுத்தினால் மடை வேலையும் மறந்துபோகும் என்று ராஜாவுக்கு உறைத்தது. தடையை நீக்கினான். "உனக்குப் பொன்னும் நிலமும் தருகிறேன், பேச்சி."

"அதெல்லாம் வேணாம் சாமி. பாதியில விட்ட அழுகைய முடிக்கணும், அம்புட்டுத்தான்."

அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "நானும் ராணிக்கு அழலாமா?"

"அழுங்க சாமி. அவுக என்ன செய்வாக, எது பிடிக்கும்னு சொல்லி அழுங்க."

ராஜா வாயைத் திறந்தான். ஒரு வார்த்தைகூட வரவில்லை. புலவரைப் பார்த்தான். மதிவாணர் ஓலைகளைப் புரட்டோ புரட்டென்று புரட்டினார். நூறு பாட்டிலும் நிலவு முகமும் அன்ன நடையும்தான் இருந்தன, ராணி இல்லை. அந்தப் பாட்டுக்கு ராஜா பரிசளித்த முத்துமாலையைத் தானே கழற்றி வைத்துவிட்டுத் தலைகவிழ்ந்து நின்றார்.

அப்போது சபையின் கடைசியிலிருந்து அரண்மனைச் சமையற்காரி குரலெடுத்தாள். "பாகக்காயப் பிரியமாத் தின்னீகளே, ராசா மொகஞ்சுளிப்பாருன்னு அடுப்படியில ஒளிஞ்சு தின்னீகளே..."

பேச்சி ஓடிப்போய் அவள் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ராஜா சிம்மாசனத்தை விட்டிறங்கி அவர்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். தன் பெண்டாட்டிக்குப் பாகற்காய் பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.