பொன்னலகி கூவிய பொய்

கருவேலங்காட்டுக் குளத்தங்கரையில் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வாழ்ந்தன. எல்லாரும் தரையில் இரை பொறுக்கும்போது ஒருவர் மட்டும் உச்சிக்கிளையில் காவல் இருப்பார். "வல்லூறு!" என்று காவல் கத்தினால் எல்லாரும் முள்ளுக்குள் பாய்வார்கள். "பாம்பு!" என்றால் எல்லாரும் சேர்ந்து கொத்தி விரட்டுவார்கள். முறை வைத்துக் காவல் மாறும்.

ஒரு நாள் பொன்னலகியின் முறை வந்தது. கூட்டில் அவளுக்கு ஒரே குஞ்சு. இறகு கூட முளைக்கவில்லை. காலையிலிருந்து பசியில் கத்திக்கொண்டிருந்தது. கீழே வெள்ளைக்கண்ணன் என்ற குருவி சருகைப் புரட்டி ஒரு கொழுத்த புழுவை வெளியே இழுத்தான்.

பொன்னலகியால் பொறுக்க முடியவில்லை. "வல்லூறு! வல்லூறு!" என்று கத்தினாள்.

வானத்தில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் எல்லாரும் முள்ளுக்குள் பாய்ந்தார்கள். பொன்னலகி இறங்கிப் புழுவைக் கவ்விக்கொண்டு கூட்டுக்குப் பறந்தாள்.

"ஒரே ஒரு தடவைதானே! பிள்ளைக்காகத்தானே!" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

தத்தி என்ற குருவி முள்ளுக்குள்ளிருந்து அதைப் பார்த்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் தன் முறை வந்ததும் அவளும் "வல்லூறு!" என்றாள். யாரோ பிடித்து வைத்த வெட்டுக்கிளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

வெள்ளைக்கண்ணனுக்குப் புரிந்துவிட்டது. "ஓகோ, இப்படியா சங்கதி?" என்று அவனும் கத்தத் தொடங்கினான்.

அப்புறம் காடே கத்தியது. காவல் இருப்பவரும் கத்தினார், இல்லாதவரும் கத்தினார். சிலர் எதற்கெடுத்தாலும் நடுங்கினார்கள். சிலர் எதற்கும் தலை நிமிரவில்லை. வாயில் இரையோடு ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே தின்றார்கள். முன்பெல்லாம் ஒரே கிளையில் ஒட்டி உட்கார்ந்து தூங்கும் கூட்டம், இப்போது கிளைக்கு ஒருவராகப் பிரிந்து அரைக்கண் திறந்தபடி கிடந்தது.

"இந்தக் கூட்டமே கெட்டுப்போச்சு! இதுல எப்படிப் பிள்ளை வளர்க்கிறது?" என்று பொன்னலகி புலம்பினாள்.

ஒரு சாயங்காலம் அவள் இரையோடு கூட்டுக்கு வந்தாள். "வல்லூறு!" என்று ஒரு கீச்சுக் குரல்! பதறிப்போய் இரையைக் கூட்டுக்குள் நழுவவிட்டாள். குஞ்சு அதை எடுத்து விழுங்கியது.

"யாருடா உனக்கு இதைச் சொல்லித் தந்தது?"

"நீதாம்மா! அன்னிக்குக் கத்திட்டுத்தானே புழு கொண்டு வந்தே? வல்லூறுன்னு கத்தினா சாப்பாடு வரும், இல்லையா?"

அந்த நேரம் பார்த்துக் கீழே சருகு சரசரத்தது. சாரைப்பாம்பு! அடிமரத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

"பாம்பு! பாம்பு! ஓடி வாங்க!"

யாரும் அசையவில்லை.

"இன்னிக்கு யாரோட இரை மேல கண்ணு, பொன்னலகி?" என்று வெள்ளைக்கண்ணன் சிரித்தான்.

"சாரை, அண்ணே! சத்தியமா!"

"நாங்களும் தினம் சத்தியம்தான் பண்றோம்!" என்றாள் தத்தி.

பொன்னலகி தனியாகக் கொத்தினாள். பாம்பு தலையைச் சிலுப்பிவிட்டு மேலே வந்தது. "ஆண்டவரே, என் பிள்ளையைக் காப்பாத்தும்!" என்று வேண்டினாள். உதவி கேட்பதற்கு முன்னால் தன் பொய்யைச் சொல்லியாக வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. சொன்னால் கூட்டம் துரத்திவிடும். தனியாகப் போன குருவி பிழைப்பதில்லை.

பாம்பு அடுத்த கிளைக்கு வந்துவிட்டது.

"என் பாவம்! இது என் பாவம்!" என்று அலறினாள் பொன்னலகி. "முதல் பொய் நான் சொன்னதுதான்! அன்னிக்கு வல்லூறு வரவே இல்லை. அண்ணே, உங்க புழுவை நான்தான் திருடினேன்! அப்புறம் என்னை அடிங்க, துரத்துங்க! இப்ப மட்டும் வாங்க!"

"இரை திருடக் கத்துறவ தன்னையே காட்டிக்கொடுப்பாளா?" வெள்ளைக்கண்ணன் துள்ளி எழுந்தான். "நிஜந்தான்! கிளம்புங்க!"

கூட்டின் விளிம்பில் பாம்பு தலை வைத்த நேரம், மொத்தக் கூட்டமும் வந்து விழுந்தது. வாலில் கொத்தினார்கள். கண்ணில் கொத்தினார்கள். பாம்பு பிடி நழுவி முள்ளில் விழுந்து, புல்லுக்குள் ஓடி மறைந்தது.

குஞ்சு பிழைத்தது. பொன்னலகி தலை குனிந்து நின்றாள்.

தத்திதான் முதலில் பேசினாள். "அன்னிக்கு நான் பார்த்தேன், அக்கா. உன்னைக் கண்டிக்கலை. மறுநாள் நானும் செஞ்சேன்."

"நான் மட்டும் யோக்கியனா?" என்றான் வெள்ளைக்கண்ணன்.

பிறகு ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். "அடப்பாவி, அது நீதானா!" என்று நடுவில் சண்டையும் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் யாரும் யாரையும் துரத்தவில்லை.

ஒருவர் செய்த பாவம் கூட்டத்தையே கெடுக்கும் என்பதால், ஊர் கெட்டுவிட்டதென்று புலம்புவதற்கு முன், அந்தக் கேட்டில் என் பங்கு இதுதான் என்று ஆண்டவர் முன்னும் அயலார் முன்னும் சொல்லி, முதலில் நாம் மனந்திரும்ப வேண்டும்.