மூடி போட்ட கூடை

எந்தக் காலத்துக் கதை என்று என் வாயைக் கிளறாதீர்கள். பவளங்கரையில் ராஜாவும் இருந்தார், எச்.ஐ.வி.யும் இருந்தது. அவ்வளவுதான்.

அது துறைமுக ஊர். நோய் பரவுகிறதே என்று மன்னர் மகரவர்மர் பெட்டி பெட்டியாக ஆணுறை வரவழைத்தார். கடைத்தெரு நடுவில் பந்தல் போட்டு, முரசறைந்து, இலவசமாகவே கொடுக்கச் சொன்னார். ஒரு ஈ காக்கைகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

பிரதானி அனந்தபாலருக்கு ஒரே குஷி. "மன்னா, நம் ஊர் ஒழுக்கமான ஊர். அந்தக் கண்றாவி இங்கே யாருக்குத் தேவை? பேசாமல் கடலில் கொட்டிவிடலாம்" என்றார். சபையே தலையாட்டியது.

அரண்மனை விகடகவி, மன்னரின் செல்லப்பிள்ளை வேம்பையனுக்கு மட்டும் வயிறு எரிந்தது. அவன் தங்கை புருஷன் கப்பலிலிருந்து அந்த நோயோடுதான் திரும்பினான். தங்கைக்கும் தொற்றிவிட்டது. இன்னொரு வீட்டில் அது நடக்கக் கூடாதே என்று அவன் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"கொட்டலாம் மன்னா. அதற்கு முன் சபையார் ஒரு சத்தியம் செய்யட்டும்" என்றான். "சத்திய அறையில் ஒரு கூடை நிறைய ஆணுறை வைக்கிறேன். மூடியைத் திறக்க வேண்டாம். அதன் மேல் கை வைத்து, 'இது எனக்கு வேண்டாம்' என்று சொல்லிவிட்டு வரட்டும்."

"கூடை நிறைந்தபடியே இருந்தால்?" என்றார் மன்னர்.

"பெட்டிகளோடு என்னையும் கடலில் தள்ளுங்கள். எனக்கு நீச்சல் தெரியாது."

அந்த அரண்மனையில் சத்தியம் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் செய்ய வேண்டும். சின்னப் பதவிக்காரர் முதலில் போவார், பிரதானி கடைசியில் போவார். பெரிய மனிதருக்கு அதுதான் மரியாதை.

ஒவ்வொருவராகப் போனார்கள். ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லார் முகத்திலும் பால் வடிந்தது. வேம்பையனோ வந்தவர்களை எண்ணிக்கொண்டே இருந்தான். இந்த மனிதர்களுக்கு வெட்கம் பொருளிடம் அல்ல, பார்க்கிற கண்ணிடம்தான் என்று அவன் போட்ட கணக்கு தப்பினால் என்ன ஆவது?

கடைசியாகப் பிரதானியும் வந்து உட்கார்ந்தார். கூடையைச் சபைக்குக் கொண்டு வந்தார்கள். மன்னர் மூடியைத் தூக்கினார்.

உள்ளே ஒன்றுகூட இல்லை.

"யார் எடுத்தது?" என்றார் மன்னர். சேனாதிபதி மேல்விதானத்து ஓவியத்தை ரசித்தார். புரோகிதருக்கு இருமல் வந்தது. மன்னரின் பார்வை சுற்றிச் சுற்றி, கடைசியாகப் போன பிரதானி மேல் வந்து நின்றது.

அனந்தபாலருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னை ஏன் பார்க்கிறீர்கள் மன்னா? நான் போனபோதே கூடை காலி."

வேம்பையன் பணிவாகக் கேட்டான்: "மூடி மேல்தானே கை வைத்தீர்கள், பிரதானியாரே?"

மன்னருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கழுத்து மாலையைக் கழற்றி வேம்பையனுக்குப் போட்டார். "பந்தலைப் பிரித்துப் போடுங்கள். சத்திரம், சாராயக்கடை, படகுத்துறை எல்லா இடத்திலும் கதவுள்ள சின்ன அறை கட்டி, கூடை வையுங்கள். காவலாள் ஒருத்தனும் அங்கே நிற்கக் கூடாது. அப்புறம் சபையின் கூடையை நிரப்பி, மறுபடியும் சத்திய அறையில் வையுங்கள்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு சேர்த்தார்:

"இந்தத் தடவை பிரதானியாரை முதலில் விடுங்கள். பாவம்."