இரைச்சலுக்குக் கீழே

"கணக்கு உதைக்குது மேடம்," என்றார் ஏகாம்பரம்.

ஓய்வுபெற்ற பிறகு கமருன்னிசா மேடம் அன்றுதான் மலைமேல் இருந்த அந்தச் செயற்கைக்கோள் தரைநிலையத்துக்கு வந்திருந்தார். மறுநாள் பெரிய ஆன்டெனாவைக் கழற்றப்போகிறார்கள். அதற்கு விடைகொடுக்கப் பழைய ஆட்கள் எல்லாரும் குடும்பத்தோடு கூடியிருந்தார்கள்.

ஏகாம்பரத்துக்கு ஒரே ஆசை. இருவரும் சேர்ந்து உருவாக்கிய சின்ன செயற்கைக்கோள், குருவி. அதைக் கடைசியாக ஒருமுறை கேட்க வேண்டும். பேட்டரி செத்துப் பல வருஷம். வெயில் படும்போது மட்டும் முனகுகிறது என்று கேள்வி.

"அது அனுப்புற சக்தி கொஞ்சம். வர்ற வழியில கரையறது நிறைய. நம்ம ஆன்டெனா எவ்வளவு தூக்கிக் கொடுத்தாலும், கூட்டிக் கழிச்சா இரைச்சலுக்குக் கீழ போயிடுது. கேட்காது."

"கூட்டல் சரியா?"

"நீங்க சொல்லிக்கொடுத்த கூட்டல்."

மேடம் சிரித்தார். "அப்ப உனக்குத் தலை நிறைய முடி இருந்துச்சு."

ஏகாம்பரம் வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

"சாப்பிட வா."

உணவுக்கூடத்தில் ஒரே அமளி. தட்டுகள் மோதின, குழந்தைகள் ஓடின, யாரோ மைக்கில் பாடினார்கள். ஏகாம்பரம் வடைக்காக நின்றார்.

"ஏகா."

சட்டென்று திரும்பினார். கூடத்தின் மறுகோடியில் மேடம். அவர் பக்கத்தில் இருந்தவர்கள்கூட நிமிரவில்லை.

ஏகாம்பரம் அவரிடம் போனார். "கூப்பிட்டீங்களா?"

"மெதுவாத்தான் கூப்பிட்டேன். எப்படிக் கேட்டது?"

"அப்படி வேற யாரு என்னைக் கூப்பிடறா மேடம்? எத்தனை வருஷமாச்சு..."



மேடம் பாயசத்தைக் குடித்தார்.

ஏகாம்பரம் தட்டை அப்படியே வைத்துவிட்டு ரிசீவர் அறைக்கு ஓடினார்.

குருவி படம் அனுப்பிய காலத்து அலைவரிசை அகலத்திலேயே ரிசீவர் திறந்து கிடந்தது. வானத்து இரைச்சல் அத்தனையும் உள்ளே. இப்போது குருவியிடம் படம் இல்லை. வெறும் குரல்தான்.

அவர் அகலத்தைக் குறுக்கினார். இன்னும் குறுக்கினார். இரைச்சல் தணிந்துகொண்டே வந்தது. நெருங்கும்போது அதன் சுருதி எவ்வளவு ஏறும், விலகும்போது எவ்வளவு இறங்கும், எல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த ஒரு சுருதி மட்டும் நுழைய இடம் விட்டார்.

மேடம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

குருவி அடிவானத்தில் ஏறியது. இரைச்சலின் உள்ளிருந்து நூல் மாதிரி ஒரு விசில்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"மேடம்," என்றார் ஏகாம்பரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கணக்கைத் திருத்தணும். நான் எங்க விட்டேன்னா..."

மேடம் உதட்டில் விரல் வைத்தார்.

"அப்புறம். குருவி போயிட்டிருக்கு."