கவிழ்த்து வைத்த நீலக் கட்டி

“மாஸ்டர், நான் தனியா ஆடும்போது என்கூட இன்னொருத்தன் ஆடறான்.”

எஸ்தர் சிரிக்கவில்லை. பந்துகளை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“ஜெயிக்கிறது யாருங்கண்ணா?”

“அவன்தான்.”

“நல்லா ஆடறவர் போல,” என்று சொல்லிவிட்டு அடுத்த பந்தை எடுத்தார்.

குன்னூரில் ஒரு பேக்கரியின் மேல்மாடியில் இருந்தது அந்தப் பூல் ஹால். கீழே வர்க்கி வேகும் வாசனை, மேலே நீலத் தூசி. மூன்று டேபிள்கள். ஜன்னலை ஒட்டிய டேபிளில்தான் தனபாலன் ஆடுவார்.

தனபாலன் ஐம்பதைத் தொட்டவர். டீ ஃபேக்டரியில் சூப்பர்வைசர். எஸ்தருக்கு அவரைவிட ரொம்பவே வயது குறைவு. ஆனால் அந்த மலையில் எஸ்தரை டேபிளில் ஜெயித்தவர்கள் யாரும் கிடையாது. அதனால் மீசை நரைத்தவர்களும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். கூப்பிட மனசில்லாதவர்கள் அவரோடு ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்கள்.

“ஆடறது யாருன்னு தெரியுமா?”

“சேவியர்.”

எஸ்தரின் கை பந்தின் மேல் நின்றது.

சேவியர் பஸ் டிரைவர். பகல் முழுக்க மலைப்பாதையில் வளைத்து வளைத்து ஓட்டிவிட்டு, சாயங்காலம் இங்கே வந்து பந்தை நூல் பிடித்தாற்போல அடிப்பார். இடது கைக்காரர். அவரும் தனபாலனும் ஆடாத சாயங்காலம் அந்த ஹாலுக்கு வாய்த்ததில்லை. போன மழைக்காலத்தில் ஒருநாள் தூங்கப் போனவர் எழுந்திருக்கவில்லை.

“அவர்தான்னு எப்படிச் சொல்றீங்க?”

தனபாலன் டேபிளின் ஓர மரத்தைக் காட்டினார். ஜன்னலுக்கு எதிர்ப்பக்க ஓரம். மெருகேறிய மரத்தின் மேல் சின்னதாக ஒரு நீலச் சதுரம் பதிந்திருந்தது.

பூல் ஆடுபவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பந்தை அடிக்கிற ஸ்டிக்கின் நுனியில் சின்னத் தோல் ஒன்று இருக்கும், அதை டிப் என்பார்கள். அது மொழுமொழுவென்று இருந்தால் பந்தில் பட்டதும் வழுக்கிவிடும். அதற்காக ஒவ்வொரு அடிக்கு முன்னும் அதில் நீல சாக் கட்டியைப் பூசுவார்கள். பூசியதும் கட்டியை ஓர மரத்தில், நீல முகம் மேலே பார்க்க வைக்க வேண்டும். கவிழ்த்து வைத்தால் தூசி மரத்தில் ஒட்டும். மரத்திலிருந்து சட்டைக்கு வரும், சட்டையிலிருந்து பச்சைத் துணிக்குப் போகும். அந்த ஹாலில் சிகரெட் பிடித்தவரைக்கூட மன்னித்திருக்கிறார்கள். கட்டியைக் கவிழ்த்தவரை மன்னித்ததில்லை.

சேவியர் கவிழ்த்துத்தான் வைப்பார். யார் என்ன திட்டினாலும் கேட்கமாட்டார். ஜன்னலுக்கு எதிரே நின்று, தான் ஓட்டி வந்த பாதையைப் பார்த்துக்கொண்டே பூசுவார். மணிக்கட்டைத் திருப்பிக் கட்டியைக் கவிழ்ப்பார். ஹாரன் அடிப்பது போல அதன் முதுகில் பெருவிரலால் ஒரு தட்டு தட்டுவார்.

“நான் மேல பாக்கத்தான் வைக்கிறேன் மாஸ்டர். என் பொண்ணு மேல சத்தியமா. அடிச்சிட்டுத் திரும்பினா கவுந்து கெடக்கு. எடுத்துப் பாத்தா கீழ இந்தச் சதுரம். துடைச்சாலும் அடுத்த அடிக்கு வந்துருது.”

“பயமா இருக்கா?”

“மொதல்ல இருந்துச்சு.”

“இப்போ?”

தனபாலன் அந்த நீலச் சதுரத்தை விரலால் தொட்டார்.

“இப்போ அது வரலேன்னாத்தான் பயமா இருக்கு.”

எஸ்தர் துணியைக் கீழே வைத்தார். “அப்புறம் எதுக்குங்கண்ணா எங்கிட்ட வந்தீங்க?”

“ஸ்டிக் வழுக்குது. சுலபமான அடி, கண்ணை மூடிட்டு அடிக்கலாம். கடைசி நேரத்துல டக்குன்னு ஒரு சத்தம். பந்து எங்கியோ போகுது. அவன்தான் பிடிச்சு இழுக்கறான். ஞாயித்துக்கிழமை கோயம்புத்தூர்ல மேட்ச். அங்கயும் வழுக்குச்சுன்னா ஸ்டிக்கை அடுப்புல வச்சிட்டு வீட்டுல உக்காந்துக்குவேன்.” அவர் டேபிளைத் தடவிக்கொடுத்தார். “அவன் போனப்புறம் எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான் மாஸ்டர். இதுவும் போயிருமோன்னு இருக்கு.”

“அவரைப் போகச் சொல்லணுமா?”

“ஐயோ, வேண்டாம்!” தனபாலன் பதறிவிட்டார். “அவன் இருக்கட்டும். வழுக்காம இருந்தாப் போதும்.”

“கட்டியைக் காட்டுங்க.”

ஹாலின் சாக் கட்டி ஒன்று ஓர மரத்தில் இருந்தது. தனபாலன் அதைத் தொடவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து முடிச்சை அவிழ்த்தார். உள்ளே பழைய சாக் கட்டி ஒன்று.

எஸ்தர் அதை வாங்கி விளக்கின் கீழே பிடித்தார். கட்டியின் நடுவே ஆழமான குழி. சேவியர் கட்டியை டிப்பில் தடவமாட்டார். ஸ்டிக்கைக் குத்தித் திருகுவார். அது அவருடைய இன்னொரு கெட்ட பழக்கம். திருகித் திருகிக் குழி அடிவரை போய், கீழே ஒட்டியிருந்த காகிதம் தெரிந்தது. சுற்றிலும் நீல விளிம்பு மட்டும் நின்றது.

“அவன் கடைசியா பூசி ஆடினது,” என்றார் தனபாலன்.

“இதையா பூசறீங்க?”

“இதைத்தான்.”

“எங்கே, பூசுங்க.”

தனபாலன் டிப்பைக் குழிக்குள் இறக்கினார். ஒரு சுற்றுச் சுற்றினார். எடுத்தார். விளிம்பில் எங்கும் படவில்லை. குழந்தையின் காதில் மருந்து விடுகிறவர் போல அவ்வளவு பதனமாகச் செய்தார்.

“விளிம்பைத் தொடலையே?”

“தேஞ்சிரும் மாஸ்டர்.”

“தேஞ்சா என்ன?”

“குழி போயிரும்.”

அந்த இடத்தில் வேறு யாராவது இருந்தால், ‘இதுதான்யா உன் கோளாறு, புதுக் கட்டியை எடு’ என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். நானாக இருந்தால் கொஞ்சம் திட்டியும் இருப்பேன். எஸ்தர் கட்டியைத் திருப்பிக் கொடுத்தார்.

“ஆடுங்க. நான் பாக்கறேன்.”

தனபாலன் பூசினார், கட்டியை வைத்தார், குனிந்தார், அடித்தார். டக். வெள்ளைப் பந்து கோணலாக ஓடி எதையும் தொடாமல் நின்றது.

திரும்பினால் கட்டி கவிழ்ந்து கிடந்தது. எடுத்தார். கீழே நீலச் சதுரம், ஈரம் காயாத கோலம் போலப் புதிதாக இருந்தது.

“பாத்தீங்களா மாஸ்டர்?”

“பாத்தேன்.”

“அவனைப் பாத்தீங்களா?”

“வச்ச கையைப் பாத்தேன்.”

தனபாலன் சுற்றிலும் பார்த்தார். ஹாலில் அவர்கள் இருவரைத் தவிர யாருமில்லை.

“எந்தக் கை மாஸ்டர்? இடதா?”

எஸ்தர் பந்துகளை மறுபடி முக்கோணச் சட்டத்துக்குள் அடுக்க ஆரம்பித்தார்.

“கட்டியை வைக்கும்போது உங்க கண்ணு எங்க இருக்கும்?”

“பந்து மேல. ஆடறவனுக்கு வேற எங்க இருக்கும்?”

“நாளைக்கு விளக்கு வைக்கிற நேரத்துக்கு வாங்கண்ணா.”

மறுநாள் மதியமே மூடுபனி ஏற ஆரம்பித்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே முதலில் தைல மரங்கள் போயின. பிறகு மலைப்பாதை போனது. தனபாலன் மாடியேறி வந்தபோது எதிர் வீட்டுக் கூரையும் இல்லை. இருட்டு வேறு சேர்ந்துகொள்ள, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஊரே இல்லாமல் போயிருந்தது.

மற்ற இரண்டு டேபிள்களும் போர்த்தி மூடியிருந்தன. ஜன்னலோர டேபிளுக்கு மேலே மட்டும் விளக்கு எரிந்தது. எஸ்தர் ஓர மரத்தைப் பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்.

“எப்பவும் போல ஆடுங்க. கட்டியை வைக்கும்போது மட்டும் பந்தைப் பாக்காதீங்க. ஜன்னலைப் பாருங்க.”

“ஜன்னல்ல என்ன இருக்கு?”

“வர்றவர் தெரிவாரு.”

தனபாலனுக்கு ஓடிவிடலாமா என்று இருந்தது. கூடவே, சொன்னால் வெட்கம், பண்டிகைக்கு ஊரிலிருந்து ஆள் வரும்போது இருக்குமே, அந்தப் பரபரப்பும் இருந்தது.

கைக்குட்டையை அவிழ்த்தார். ஜன்னலுக்கு எதிரே நின்றார். டிப்பைக் குழிக்குள் இறக்கி, சுற்றி, எடுத்தார். தலையை உயர்த்தி ஜன்னலைப் பார்த்தபடியே கட்டியை வைக்கக் கையை நீட்டினார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பனிக்குள், ஒரு டேபிள் இருந்தது. அதற்கு மேலே ஒரு விளக்கு எரிந்தது. டேபிளுக்குப் பின்னால் ஒரு ஆள் நின்றிருந்தார். முகத்தில் நிழல்.

அவருடைய இடது கையில் சாக் கட்டி.

அந்த ஆள் குனிந்து பார்க்கவே இல்லை. மணிக்கட்டைத் திருப்பினார். கட்டியைக் கவிழ்த்தார். பெருவிரலால் அதன் முதுகில் ஒரு தட்டு தட்டினார்.

“சேவியரே!”

அந்த ஆளும் வாயைத் திறந்தார்.

சத்தம் மட்டும் ஒன்றுதான் கேட்டது.

தனபாலன் அசையாமல் நின்றார். அந்த ஆளும் அசையவில்லை. பிறகு தனபாலன் மெல்லக் கீழே பார்த்தார். ஓர மரத்தில் கட்டி கவிழ்ந்திருந்தது. அதன் முதுகின் மேல் ஒரு பெருவிரல் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது.

அது அவருடைய வலது கைப் பெருவிரல்.

ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ அவன் வரவே இல்லையா மாஸ்டர்?”

கேட்கும்போதே குரல் உடைந்துவிட்டது. ஸ்டிக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். பேய் இல்லை என்று தெரிந்து அழுத மனிதரை அந்த ஹால் அதுவரை பார்த்ததில்லை. எஸ்தருக்கும் கண் கலங்கியது. அவர் அதை மறைக்கவில்லை.

அழுகை ஓயும்வரை காத்திருந்தார். பிறகு கட்டியை எடுத்து நிமிர்த்தி, விளக்கின் கீழே அவர் முன்னால் நீட்டினார்.

“குழிக்குள்ள என்னங்கண்ணா இருக்கு?”

“ஒண்ணுமில்ல. காகிதம்.”

“இத்தனை நாளா எதைப் பூசிட்டு இருந்தீங்க?”

தனபாலன் கட்டியை வாங்கினார். குழியைப் பார்த்தார். பிறகு அதைச் சுற்றி நின்ற விளிம்பைப் பார்த்தார். நல்ல நீலம். சேவியர் தொடாமல் விட்டுப்போனது.

விளிம்பை டிப்பின் மேல் வைத்தார். லேசாகத் தடவினார். ஸ்டிக்கைத் திருப்பினார். மறுபடி தடவினார். விளிம்பின் ஒரு மூலை உதிர்ந்து அவர் விரலில் விழுந்தது. அவர் நிறுத்தவில்லை. கண்ணை டிப்பை விட்டு எடுக்கவுமில்லை. தோல் முழுக்க நீலமாகும்வரை தடவினார்.

கட்டியை இடது உள்ளங்கையில் இடுக்கிக்கொண்டே குனிந்து அடித்தார்.

வழுக்கவில்லை. பந்து போய், மூலைப் பாக்கெட்டின் வாயில் ஒரு கணம் நின்று, உள்ளே விழுந்தது.



தனபாலன் நிமிர்ந்தார். கட்டியை வலது கைக்கு மாற்றி, ஓர மரத்தை நோக்கி நீட்டினார். பாதியில் கை நின்றது. தலை தானாக ஜன்னல் பக்கம் திரும்பியது.

பனிக்குள் அந்தக் கையும் பாதியில் நின்றிருந்தது.

தனபாலன் மணிக்கட்டைத் திருப்பவில்லை. நீல முகம் மேலே பார்க்க, கட்டியை மரத்தில் வைத்தார்.

கண்ணாடியில் இருந்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பிறகு வைத்தார்.